முப்பது நக்கீரர்களும் ஒரு விசிலும்

பாண்டியன் சபையில் எதிர்த்துப் பேச ஒரே ஒரு நக்கீரர்தான் இருந்தார். அந்த ஒருவரைச் சமாளிக்கவே சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் ஆடும் மைதானத்தில் அணிக்குப் பதினைந்து வீதம் முப்பது நக்கீரர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவில் அரைக்கால் சட்டையும் விசிலுமாக ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கு நெற்றிக்கண் கிடையாது. சம்பளமும் கிடையாது. வண்டிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, திட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. மேலே ஓட வேண்டுமானால் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அல்லது கால்நுனியால் எத்தி மறுபடி கைக்கே வரவழைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டினால் தப்பு. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேராக அள்ளினால் தப்பு. எதிராளியைத் தோளோடு தோள் இடிக்கலாம். நெஞ்சில் இடித்தால் தப்பு. குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் சாதாரணமாக 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. 1-10 என்று எழுதியிருந்தால் ஒரு கோலும் பத்துப் புள்ளியும் என்று பொருள், கூட்டினால் 13.

இதில் நடுவர் எண்ண வேண்டியது அடிகளை. ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான், மூன்று பேர் அவன் மேல் தொங்குகிறார்கள், அந்த நேரத்தில் அவன் எத்தனை அடி வைத்தான் என்று சொல்ல வேண்டும். நடுவர் கணக்கில் ஐந்து. ஆட்டக்காரன் கணக்கில் மூன்றரை. கேலரியில் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மா கணக்கில் பிள்ளை நகரவே இல்லை.

துணைக்கு ஆள் இல்லாமலில்லை. கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம் இருவர் அந்தப் பக்கம் இருவர் என நாலு அம்பயர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். புள்ளி என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி. இந்த நாலு பேரையும் பெரும்பாலும் நடுவரே தன் ஊரிலிருந்து கூட்டி வருவார்: மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், கிளப் சிநேகிதர், மகன். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரே காரில் வந்து இறங்குவார்கள். திரும்பிப் போகும்போதும் ஒரே காரில் போவது பாதுகாப்பு என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

நடுவரை மதிக்காத இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அயர்லாந்தில் அவ்வப்போது கவலையோடு கேட்பார்கள். வேறெங்கிருந்தும் வரவில்லை. இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் தொடங்கின அன்றே கூடவே வந்துவிட்டது.

1884 நவம்பர் 1. டிப்பரரி கவுண்டியில் தர்லஸ் என்ற ஊர், ஹேய்ஸ் ஹோட்டல். கிரிக்கெட், டென்னிஸ் என்று ஆங்கிலேயன் கொண்டுவந்து இறக்கியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஐரிஷ் ஆட்டங்களை மீட்பது என்று ஒரு சிறு கூட்டம் கூடியது. கூடிய இடம் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறை. யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் ஏழு பேர் என்று ஒரு கணக்கு உண்டு, பதின்மூன்று வரை போகிற கணக்கும் உண்டு. ஆக, சங்கத்தின் முதல் தகராறு வருகைப் பதிவேட்டிலேயே ஆரம்பம். பெயர் தெரிந்த ஏழு பேரில் ஒருவர் தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி. இவர் ஆங்கிலேய அரசின் போலீஸ் இன்ஸ்பெக்டர். பிற்பாடு இதே சங்கம் ஆங்கிலேயப் போலீஸ்காரன் உறுப்பினராகவே கூடாது என்று விதி போட்டு, 2001 வரை அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியது.

கூட்டத்தைக் கூட்டியவர் மைக்கேல் க்யூசாக். தாடியும் தடியுமாக உலவிய பள்ளிக்கூட வாத்தியார். நாவைவிடப் பேனா மோசம். யாரைப் பார்த்தாலும் காட்டமாகக் கடிதம் எழுதுவார். சங்கத்தின் புரவலரான ஆர்ச்பிஷப் க்ரோக்கையும் அவர் சும்மா விடவில்லை. இந்த மனிதர் இப்படியே ஆட்டம் போட்டால் நான் புரவலராக இருக்க முடியாது என்று ஆர்ச்பிஷப் பகிரங்கமாகச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. 1886 ஜூலையில், சங்கம் தொடங்கி இரண்டு வருஷம்கூட முடியாத நிலையில், தொடங்கியவரையே செயலாளர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கேலிக் விளையாட்டு வரலாற்றில் வாய்க்கொழுப்புக்காக வெளியே அனுப்பப்பட்ட முதல் ஆசாமி அதன் நிறுவனர்தான். ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் 'யுலிசிஸ்' நாவலில் ஒரு மதுக்கடை வம்புக்காரனுக்கு இவரைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். அந்தப் பாத்திரம் கதாநாயகன் மேல் பிஸ்கட் டின்னை வீசி எறியும். இப்படிப்பட்ட குலத்தில் பிறந்த ஆட்டக்காரன், விசில் ஊதியதும் "அப்படியே ஆகட்டும் ஐயா" என்று பந்தை வைத்துவிட்டுப் போவான் என்று எதிர்பார்ப்பது யார் தப்பு?

1885-ல் எழுதிய முதல் விதிகளைப் படித்தால், எழுதியவர்களுக்குத் தங்கள் ஆட்களைப் பற்றி ஒரு மயக்கமும் இல்லை என்று தெரிகிறது. அணிக்கு 21 பேர் வரை இறங்கலாம். பூட்ஸில் ஆணி இருக்கக் கூடாது. பின்னாலிருந்து தள்ளக் கூடாது, தலையால் முட்டக் கூடாது. செய்தவன் ஓரமாகப் போய் நிற்க வேண்டும், அவனுக்குப் பதிலாக வேறு ஆள் கிடையாது. இதற்கெல்லாம் நடுவே ஓர் அழகான விதி: ஆட்டம் தொடங்குமுன் இரு அணியும் எதிரெதிரே வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பந்தை மேலே எறியும்வரை கையை விடக் கூடாது. எறிந்த மறுகணம் அதே கைகள் வேறு வேலைக்குப் போயின. மல்லுக்கட்டுவதையும் ஆரம்பத்தில் ஆட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் வைத்திருந்தார்கள். முட்டி எலும்புகளின் நிலவரத்தைப் பார்த்தபின் தடை செய்தார்கள். நடுவரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: இரண்டு அம்பயர்கள் ஒத்துப்போகாவிட்டால் அவர் சொல்வதே முடிவு. அதாவது அவரைக் கண்டுபிடித்ததே, ஏற்கெனவே சண்டை மூண்ட பிறகு நடுவில் நிறுத்துவதற்கு.

அந்த முடிவுக்கு என்ன மதிப்பு என்று சீக்கிரமே தெரிந்தது. கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியின் 1895-ம் வருஷத்து இறுதி ஆட்டம் 1896 மார்ச்சில் நடந்தது. அந்தக் காலத்தில் போட்டிகள் காலண்டரைத் துரத்திக்கொண்டே ஓடும். இடம் டப்ளினில் ஜோன்ஸ் ரோடு மைதானம், இன்றைய க்ரோக் பார்க். டிப்பரரி 4 புள்ளி, மீத் 3 புள்ளி. ஒரு புள்ளி வித்தியாசத்தில் டிப்பரரிக்குப் பட்டம். நடுவர் ஜே.ஜே. கென்னி வீட்டுக்குப் போனார், யோசித்தார், மனசாட்சி தூங்க விடவில்லை. பேப்பருக்குக் கடிதம் எழுதினார்: டிப்பரரியின் புள்ளிகளில் ஒன்று செல்லாது, நான் கொடுத்திருக்கக் கூடாது.

கணக்குப் போட்டால் மூன்றுக்கு மூன்று, சமன். மறு ஆட்டம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. முடிவு முடிவுதான், பட்டம் டிப்பரரிக்குத்தான். அன்றைக்கே நடுவர் குலத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது: தப்புச் செய்தால் திட்டுவார்கள், ஒப்புக்கொண்டால் அதையும் சேர்த்துத் திட்டுவார்கள், ஸ்கோர் மட்டும் அப்படியே நிற்கும். மீத் கவுண்டிக்காரர்கள் இந்தக் கணக்கை மனசில் எழுதி வைத்துக்கொண்டார்களா தெரியாது. வரலாறு எழுதி வைத்துக்கொண்டது. பின்னால் வருகிறேன்.

நடுவில் பல பத்தாண்டுகளைத் தாண்டிவிடலாம். அடி, உதை, மேல்முறையீடு என்று ஒரே மாதிரிதான் இருக்கும்.

1983 செப்டம்பர். டப்ளினும் கால்வேயும் இறுதி ஆட்டத்தில். காற்றும் மழையும் ஒரு பக்கம், ஆட்டக்காரர்களின் கோபம் ஒரு பக்கம். ஆன்ட்ரிமிலிருந்து வந்த நடுவர் ஜான் கஃப், போ வெளியே என்று நாலு பேரை அனுப்பினார். மூன்று பேர் டப்ளின், ஒருவர் கால்வே. இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போகும் சுரங்கப்பாதையில் என்ன நடந்தது என்பதற்கு ராமாயணத்தைப் போலவே பல பாடங்கள் உண்டு. கடைசியில் டப்ளின் பக்கம் 12 பேர், கால்வே பக்கம் 14 பேர். பள்ளிக்கூடக் கணக்கின்படி கால்வே ஜெயிக்க வேண்டும். டப்ளின் 1-10, கால்வே 1-8. டப்ளின்காரர்கள் தங்கள் ஆட்களுக்குப் 'பன்னிரு சீடர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். மற்ற கவுண்டிக்காரர்கள் வைத்த பெயர் 'அழுக்குப் பன்னிருவர்'. மூன்று பேரை வெளியேற்றியும் ஓர் அணியைத் தோற்கடிக்க முடியவில்லை என்றால், வெளியேற்றுவதற்கு என்னதான் மரியாதை?

அதைவிடப் பெரிய கூத்து 1995-ல். மறுபடி டப்ளின். எதிரே டைரோன். நடுவர் டிப்பரரியைச் சேர்ந்த பேடி ரஸ்ஸல். இரண்டாம் பாதியில் டப்ளினின் சார்லி ரெட்மண்டை வெளியே போகச் சொன்னார். அன்று சிவப்பு அட்டையெல்லாம் கிடையாது. கையைக் காட்டுவார், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார், அவ்வளவுதான். ரெட்மண்ட் போகவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. ரெட்மண்டும் தொடர்ந்தார். பத்து நொடி, இருபது நொடி இல்லை, ஓரிரண்டு நிமிஷம். தீர்ப்பு சொன்ன பிறகும் குற்றவாளி கோர்ட்டிலேயே உட்கார்ந்து அடுத்த கேஸையும் வேடிக்கை பார்த்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழியாக ரஸ்ஸல் கவனித்து, அதே ஆளை இரண்டாம் முறை வெளியேற்றினார். இறுதி ஆட்டம் ஒன்றில் ஒருவரே இரு தடவை விரட்டப்பட்டார்.

இதோடு விட்டால் பரவாயில்லை. முடியும் தறுவாயில் டைரோன் அடித்த புள்ளி ஸ்கோரைச் சமன் செய்தது. ரஸ்ஸல் விசிலை ஊதி, செல்லாது என்றார். பந்தைக் கொடுத்த பீட்டர் கனவன் அதைத் தரையில் கிடக்கும்போது கையால் தொட்டுவிட்டாராம். அன்றைக்கு டைரோனின் 12 புள்ளிகளில் 11 கனவன் அடித்தவை. டப்ளின் 1-10, டைரோன் 0-12, ஒரே புள்ளி வித்தியாசம். போகச் சொன்னவன் போகாததைக் கவனிக்காத கண், கனவனின் விரல் நுனி பட்டதை எப்படிக் கவனித்தது? டைரோனில் இதைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு வரலாம். ஜெயித்த டப்ளின் அணியில் ஜிம் கவின் என்றொரு இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் மேயோவுக்கும் மீத்துக்கும் இறுதி ஆட்டம் சமனாகி, மறு ஆட்டம். தொடங்கிச் சில நிமிஷங்களில் ஒரு கைகலப்பு. மைதானத்திலிருந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூலையில் கூடிவிட்டார்கள். நடுவர் மோனஹனைச் சேர்ந்த பேட் மெக்கனானி என்ன செய்வார்? நியாயப்படி பார்த்தால் இரண்டு டஜன் பேரை அனுப்ப வேண்டும். மிச்சமிருப்பவர்களை வைத்துச் சீட்டாடலாம். பக்கத்துக்கு ஒருவர் என்று முடித்தார்: மேயோவில் லியாம் மெக்ஹேல், மீத்தில் கோல்ம் கோய்ல். மெக்ஹேல் மேயோவின் தூண். மீத் 2-9, மேயோ 1-11. மறுபடியும் ஒரே புள்ளி. 1951-க்குப் பிறகு அந்தக் கோப்பையைத் தொடாத மேயோக்காரர்களுக்கு இது போதாதா? ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்ற பட்டிமன்றம் இன்னும் தீர்ப்புக்கு வரவில்லை.

இதே சங்கத்தின் இன்னொரு ஆட்டமான ஹர்லிங்கில், 1998-ல், இரண்டு அணிகளும் சும்மா இருக்க, நடுவரே ஒரு வேலை செய்தார். க்ளேருக்கும் ஆஃபலிக்கும் அரையிறுதியின் மறு ஆட்டம். க்ளேர் மூன்று புள்ளி முன்னால். நடுவர் ஜிம்மி கூனி கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்து, இரண்டு நிமிஷத்துக்கு முன்பே முடிவு விசிலை ஊதிவிட்டார். ஆஃபலி ரசிகர்கள் கல்லெடுக்கவில்லை. சாவகாசமாக க்ரோக் பார்க் புல்தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து நடக்க வேண்டிய ஆட்டம் நடக்கவில்லை. சத்தியாக்கிரகம் பலித்தது. இன்னொரு ஆட்டம் வைத்தார்கள், ஆஃபலி ஜெயித்தது, அந்த வருஷத்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. 1896-ல் மீத்துக்காரர்கள் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருக்காமல் புல்லில் உட்கார்ந்திருந்தால்!

எல்லா ஊரிலும் எதிர்ப்பு இவ்வளவு சாத்வீகமாக இருந்துவிடவில்லை. விக்லோ கவுண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், உள்ளூர் ஆட்டமொன்றில் நடுவரைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிய கதையைச் சொல்லாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. சொல்கிறவர் எல்லோரும் சிரிப்பார்கள். டிக்கிக்குள் இருந்தவரின் தரப்பு மட்டும் கேட்கக் கிடைப்பதில்லை. 2022 அக்டோபரில் ரோஸ்காமனில், சிறுவர் ஆட்டமொன்றில் நடுவர் தாக்கப்பட்டார் என்று புகார் வந்தபின், அந்தக் கவுண்டி நடுவர்கள் மொத்தமாக வேலைக்கு வர மறுத்தார்கள், ஆட்டங்கள் நின்றன. விசில் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சரி, மீத்துக்கு வருவோம். 2010 ஜூலை 11, லென்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டம். எதிரே லவ்த், அயர்லாந்திலேயே ஆகச் சின்னக் கவுண்டி. 1957-க்குப் பிறகு லென்ஸ்டர் பட்டம் பார்க்காத கவுண்டி. கூடுதல் நேரமும் தீரப் போகிறது, லவ்த் ஒரு புள்ளி முன்னால். மீத்தின் ஜோ ஷெரிடன் பந்தோடு கோல் கோட்டின் மேல் சாய்ந்து, அதை உள்ளே போட்டார். உதைக்கவில்லை, தட்டவில்லை; போட்டார். டைரோனைச் சேர்ந்த நடுவர் மார்ட்டின் ஸ்லட்டன் கோல் என்றார். மீத் 1-12, லவ்த் 1-10. டி.வி.யில் பார்த்த அத்தனை பேருக்கும் அது செல்லாது என்று தெரிந்தது. மைதானத்தில் கூட்டம் பாய்ந்தது, நடுவர் மேலும் பாய்ந்தது. போலீஸ் சூழ அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

பிறகு அவர் தன் அறிக்கையில் தப்பை ஒப்புக்கொண்டார். சங்கம் என்ன செய்தது? எங்களுக்கு மறு ஆட்டம் வைக்க அதிகாரமில்லை, மீத் பெரிய மனசு பண்ணினால் பார்க்கலாம் என்றது. மீத் பண்ணவில்லை. லவ்த்துக்காரர்கள் அநியாயம் என்றார்கள், அநியாயம்தான். ஆனால் 114 வருஷத்துக்கு முன் அதே மைதானத்தில் அதே மாதிரி ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு மீத் கையைப் பிசைந்தபோது யாரும் ஏனென்று கேட்கவில்லையே. வரவேண்டியதை வட்டியோடு வசூலித்தார்கள். பாவம், கடன் வாங்கியது டிப்பரரி, கட்டியது லவ்த்.

நடுவரால் முடியாததை இயந்திரம் செய்யட்டும் என்று 2013-ல் க்ரோக் பார்க்கில், பந்து கம்பங்களுக்குள் போனதா என்று பார்க்கும் ஹாக்-ஐ வைத்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே லிமரிக் சிறுவர்கள் ஹர்லிங்கில் அடித்த பந்து கம்பங்களுக்குள் போவதைப் படத்தில் காட்டிவிட்டு, கீழே 'இல்லை' என்று எழுதிக் காட்டியது. அன்றைக்கு மீதி நேரம் அதை அணைத்துவிட்டு வெள்ளைக் கோட்டுக்காரர்களிடமே திரும்பினார்கள். அயர்லாந்துக்கு வந்த கொஞ்ச நாளில் இயந்திரமும் ஊர்ப் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

விசில் ஓய்ந்தாலும் விவகாரம் ஓயாது. நடுவர் ஒருவனை வெளியேற்றினால் ஒரு கமிட்டி விசாரிக்கும், அதன்மேல் இன்னொரு கமிட்டி, அதற்கும் மேலே சங்கத்துக்கு வெளியே ஒரு தீர்ப்பாயம். 2015-ல் மேயோவோடு நடந்த அரையிறுதியில் டப்ளினின் டியர்முட் கானலி சிவப்பு அட்டை வாங்கினார். ஆறு நாளில் மறு ஆட்டம். இரண்டு படியிலும் தோற்று, மூன்றாவது படிக்குப் போனார்கள். மறு ஆட்டத்தன்று விடியற்காலை இரண்டரை மணிவாக்கில் தீர்ப்பு வந்தது: கானலி ஆடலாம். ஊரே தூங்குகிற நேரத்தில் வக்கீல்கள் உட்கார்ந்து, ஒரு நடுவர் ஒரு நொடியில் செய்ததை அவிழ்த்தார்கள். டப்ளின் ஜெயித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டு வருஷம் கழித்து அதே கானலி ஒரு லைன்ஸ்மேன் மேல் கைவைத்தார். இந்த முறை 12 வாரத் தடை. டி.வி. விமர்சகர்கள் அவரைக் கிழித்ததில் டப்ளின் மானேஜருக்குக் கோபம் வந்து, அடுத்த ஆட்டம் முடிந்ததும் டி.வி.க்குப் பேட்டி தர மறுத்துவிட்டார். அந்த மானேஜர் பெயர் ஜிம் கவின்.

2024-ல் ஆட்டத்தைச் சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார்? அவரேதான். போகச் சொல்லியும் ரெட்மண்ட் போகாத மைதானத்தில் கூட ஆடியவர், லைன்ஸ்மேன் விவகாரத்தில் டி.வி.யோடு முறைத்துக்கொண்டவர், நடுவரை மதிக்க விதி எழுதினார். கிண்டலுக்குச் சொன்னாலும், எழுதியது நல்ல விதி. கேப்டனைத் தவிர வேறு யாரும் நடுவரிடம் வாய் திறக்கக் கூடாது. ஃப்ரீ கிக் எதிராளிக்குப் போனால் பந்தை மரியாதையாக அவன் கையில் கொடுக்க வேண்டும். முறைத்தால், முனகினால், பந்தைத் தூக்கி எறிந்தால் ஃப்ரீ கிக்கை 50 மீட்டர் முன்னால் தள்ளி வைப்பார்கள். முன்பு 13 மீட்டர்தான். அந்த விலைக்கு ஒரு கெட்ட வார்த்தை கட்டுபடியாகும். 50 மீட்டருக்குக் கட்டாது. 2025-ல், நேற்றுவரை பந்தைப் புதரில் எறிந்தவர்கள் அதைப் பூஜைத் தட்டு போல ஏந்திவந்து நீட்டினார்கள். நூற்று நாற்பது வருஷமாக ஆயரும் பாதிரியும் சொல்லிக் கேட்காத கூட்டம், அளவு நாடாவுக்குக் கட்டுப்பட்டது. அதே வருஷம் லென்ஸ்டர் இறுதி ஆட்டத்தில் லவ்த் மீத்தை 3-14-க்கு 1-18 என்று தோற்கடித்து 68 வருஷப் பசியைத் தீர்த்துக்கொண்டது.

கூடவே பெரிய ஃபுட்பால் ஆட்டங்களில் கடிகாரத்தையும் நடுவரிடமிருந்து வாங்கி ஹூட்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஹர்லிங்கில் கூனிக்கு நேர்ந்தது அங்கே இனி யாருக்கும் நேராது. நடுவருக்கு மரியாதை கூடியது, வேலை குறைந்தது.

ஒரே ஓட்டை, இந்த விதி ஆட்டக்காரனுக்குத்தான், பார்க்க வந்தவனுக்கு இல்லை. வேலிக்கு வெளியே நின்று நடுவரின் கண்பார்வை, வம்சம் எல்லாவற்றையும் விசாரிக்கிறவனை என்ன செய்வது? அவனையும் 50 மீட்டர் தள்ளி நிறுத்தலாம்தான். ஆனால் கிராமத்து மைதானங்களில் வேலியிலிருந்து 50 மீட்டர் பின்னால் போனால் கார் நிறுத்துமிடம் வந்துவிடும். நடுவரின் காரும் அங்கேதான் நிற்கிறது. டிக்கி காலி.